இரண்டு பேர், மூன்று பனிச்சந்துகள்: கொலராடோவில் முதலில் எதில் இறங்குவது?

மலை முகத்தில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒடுங்கிய பிளவுக்குப் பிரெஞ்சில் கூலுவார் என்று பெயர். கோடையில் கல்லும் சரளையும் உருளும் வாய்க்கால் அது. குளிர்காலத்தில் பனி நிரம்பி, மலையைக் கோடு கிழித்ததுபோல ஒரு வெள்ளைச் சந்தாகிவிடும். டென்வர் பக்கம் இருக்கும் இரண்டு நண்பர்கள், லிஃப்ட் இல்லாமல் தாமே நடந்து ஏறி அப்படியொரு சந்தில் ஸ்கீ போட்டு இறங்கலாம் என்று பேச ஆரம்பித்தால், மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: குவாண்டரி சிகரத்தின் கிறிஸ்டோ, டோரீஸ் சிகரத்தின் டெட் டாக், ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஃபிளாட்டாப் மலையின் டிராகன் டெய்ல்.

இவற்றைப் பெரும்பாலோர் சாய்வுக் கோணத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். கிறிஸ்டோ 40°, மற்ற இரண்டும் 45°-க்கு மேல். ஆகவே கிறிஸ்டோ சுலபம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. விடை சரிதான், வழி தப்பு. கடினமாக உறைந்த பனியில் 40°-இல் விழுந்தாலும் 47°-இல் விழுந்தாலும் இரண்டு விநாடிக்குமேல் சறுக்கியவர் தானாக நிற்பதில்லை. இருவர் மட்டும் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு. வெயில் அங்கே எத்தனை மணிக்கு விழுகிறது? மேலே போன பிறகு இறங்க மனம் ஒப்பவில்லை என்றால் வேறு எந்த வழியாகக் கீழே வரலாம்? விழுந்தால் எங்கே போய் நிற்போம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே பேசுவதெல்லாம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான பருவத்தைப் பற்றி மட்டுமே. கொலராடோவின் பனி மெலிந்தது, குளிர் உலர்ந்தது. நவம்பரில் விழுந்த பனி தரையோரத்தில் சர்க்கரைபோல உதிரிப் படிகங்களாக மாறி, அதன்மேல் விழும் கனத்த அடுக்குகளை மாதக்கணக்கில் பிடிப்பில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பனிச்சரிவால் அதிகம் பேர் இறந்த மாநிலம் கொலராடோ என்பதற்கு இந்தச் சர்க்கரைப் பனி பெரிய காரணம். பலகைபோலப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 35° முதல் 45° வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. நம் மூன்று சந்துகளும் அந்த எல்லைக்குள் அல்லது அதற்குச் சற்று மேலே. ஜனவரியில் இவற்றில் இறங்குவோர் உண்டு. முதல் கூலுவாருக்கு அது வழியல்ல. வசந்தத்தில் பகலில் உருகி இரவில் உறையும் சுழற்சி பல நாள் நடந்து பனி மொத்தமாக இறுகிய பிறகு, ஆபத்து பெரும்பாலும் கடிகாரத்துக்குள் அடங்கிவிடும். அப்போது போகலாம்.

டெட் டாக்கில் இருந்தே தொடங்குவோம். மூன்றில் அதிகம் ஆசை காட்டுவது அதுதான். இன்டர்ஸ்டேட் 70-இல் பேக்கர்வில் என்ற 221-ஆம் வெளிவழியில் இறங்கினால் ஸ்டீவன்ஸ் கல்ச் வழித்தடத் தொடக்கம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கே உயரம் 3,435 மீட்டர், டோரீஸ் உச்சி 4,349 மீட்டர். அந்த மண்சாலை பனியால் மூடியிருந்தால் பேக்கர்வில்லிலேயே காரை விட்டுவிட்டு இன்னும் 450 மீட்டர் உயரத்தைக் காலால் ஏற வேண்டும். கெல்சோ முகட்டை ஒட்டி இடப்பக்கம் மேலே ஓடும் சந்துதான் டெட் டாக்: 500 மீட்டருக்கு மேல் உயரம், மேல்பகுதி 45°-ஐத் தாண்டும். முகட்டில் வெள்ளைப் பாறைக் கோபுரத்தின் அருகே அது முடிகிறது; உச்சி அதற்குச் சில பத்து மீட்டர் மேலே.

சிக்கல் திசையில் இருக்கிறது. டெட் டாக் கிழக்கு பார்த்தது. மே நடுவில் சூரியன் காலை 5.45 வாக்கில் உதிக்கும், உதித்த கையோடு வெயில் சந்துக்குள் விழும். இரவு உறைந்த மேலோடு 8 மணிக்கு இளகத் தொடங்கினால் 9 மணிக்குள் கஞ்சியாகிவிடும். அதற்கும் முன்பே, இரண்டு பக்கச் சுவர்களிலும் பனி பிடித்து வைத்திருந்த கற்கள் விடுபட்டுச் சந்துக்குள் விழ ஆரம்பிக்கும். சந்து என்பது புனல். சுவரில் எங்கே கல் விழுந்தாலும் நடுக்கோட்டுக்குத்தான் வரும். ஆகவே 7.15-க்கு மேலே நின்றாக வேண்டும், 8 மணிக்குள் இறங்கி முடிக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த உயரத்தில் நல்ல தேக பலம் உள்ளவர்கள் மணிக்கு 250 மீட்டர் ஏறுவார்கள். 914 மீட்டருக்கு 3 மணி 40 நிமிடம். ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையைக் கழற்றி, பூட்ஸுக்கு அடியில் கட்டும் பல் தகடான கிராம்பானை மாட்ட, பிறகு கிராம்பானைக் கழற்றி ஸ்கீ மாட்ட 40 நிமிடம். அப்படியானால் ஸ்டீவன்ஸ் கல்ச்சை விட்டுக் கிளம்புவது அதிகாலை 2.55. சாலை மூடியிருந்தால் 1 மணி. முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு மூன்று மணி நேரம் தூங்கி வந்தவர்களுக்கு இது பொருந்தாது. பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்குவது நல்லது.

டெட் டாக்கின் பெரிய வரவு அதன் மாற்றுவழி. மேலே போய்ப் பார்த்தால் பனி சரியில்லையா? உச்சிக்கு ஏறி, கிரேஸ் சிகரத்துக்கும் டோரீஸுக்கும் இடையிலுள்ள கணவாய் வழியாக வழக்கமான நடைபாதையில் இறங்கி, காரை விட்ட அதே இடத்துக்கே வந்து சேரலாம். ஆனால் இந்த வரவு மேலே போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான். பாதிச் சந்தில் வெயில் முந்திக்கொண்டால் திரும்புவதைத் தவிர வேறில்லை. வார இறுதியில் இன்னொரு தொல்லை: ஏறுபவர்கள் கூட்டம். உங்களுக்கு மேலே நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தால் அவர்கள் உதைக்கும் பனிக்கட்டி முழுவதும் உங்கள் தலைக்கவசத்துக்குத்தான். அப்படிக் கண்டால் அன்றைக்கு வேறிடம் பார்ப்பது மேல்.

டிராகன் டெய்ல் படத்தில் பார்த்தால் மூன்றில் மிக அழகானது. பேர் ஏரியிலிருந்து நிம்ஃப், டிரீம் ஏரிகளைக் கடந்து 3 கிலோமீட்டர் போனால் எமரால்டு ஏரி. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால், ஃபிளாட்டாப்பின் கோபுரப் பாறைகளுக்கு நடுவே வளைந்து மேலே போகும் வெள்ளைக் கோடு. ஏறத்தாழ 500 மீட்டர், செங்குத்தான இடத்தில் 45° முதல் 50°. பேர் ஏரிச் சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். சாலை மூடல் என்ற கவலை இல்லை. மே கடைசியிலிருந்து பூங்காவில் நேர அனுமதிச் சீட்டு முறை இருப்பது அண்மை ஆண்டுகளின் வழக்கம். பேர் ஏரிச் சாலைக்கு அது காலை 5 மணிக்குத் தொடங்கும். 5 மணிக்கு முன் வாயிலைக் கடந்துவிட்டால் சீட்டு தேவைப்படாது. எப்படியும் நீங்கள் 4.15-க்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால் இது தொல்லையே அல்ல.

இங்கே ஏமாற்றுவது காற்று. ஃபிளாட்டாப் பெயருக்கேற்ற மொட்டை மேடு. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அந்த மேட்டுப் பனியையெல்லாம் வாரிக்கொண்டுவந்து, தென்கிழக்கு பார்த்த இந்தச் சந்தின் தலையில் கொட்டும். வானத்திலிருந்து ஒரு துளிப் பனியும் விழாத நாளில்கூட மேலே புதிதாக 30 சென்டிமீட்டர் பலகைப் பனி சேர்ந்திருக்கலாம். அடியில் இறுகிய பழைய பனி, மேலே ஒட்டாத புதுப் பலகை. விளிம்பில் கூரை இறவாரம்போல நீட்டிக்கொண்டிருக்கும் பனியும் உண்டு. கீழே ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இரண்டும் தெரியாது. இதனால்தான் ஃபிளாட்டாப் பாதையில் ஏறி மேலிருந்து நேராக உள்ளே குதிப்பதைவிட, சந்துக்குள்ளேயே கிராம்பானில் ஏறிப் போவது நல்லது என்கிறோம். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரியின்) கைப்பிடியைப் பனியில் இறக்கிப் பாருங்கள். ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் சரி. மேலே கெட்டி, நடுவில் பொசுக்கென்று இறங்குகிறது என்றால் அங்கேயே திரும்புங்கள்.

மேல்பகுதியில் சந்து கிளை பிரிகிறது. எந்தக் கிளையில் இறங்கப் போகிறீர்களோ அதிலேயே ஏறுங்கள். ஒடுங்கிய இடத்தில் அகலம் உங்கள் ஸ்கீ நீளத்தைவிடச் சற்றே அதிகம் என்றால் திரும்புவதற்கு இடமிருக்காது, பக்கவாட்டில் சறுக்கித்தான் இறங்க வேண்டும். அது முடியுமா என்பதை ஏறும்போதே பார்த்துவிடலாம். கீழே சந்து விரிந்து, கற்குவியல்மேல் படிந்த பனியாக ஏரி வரை போகிறது. ஏப்ரலில் கற்கள் மூடியிருக்கும். மே கடைசியில் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும், எமரால்டு ஏரியின் பனித்தட்டும் நம்பத் தகாததாகிவிடும். அப்போது கரையோரமாகச் சுற்றிப் போக வேண்டும். மாற்றுவழி என்று பார்த்தால், மேட்டில் ஏறிவிட்டால் ஃபிளாட்டாப் பாதையில் பேர் ஏரிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அலுப்பான ஆனால் பாதுகாப்பான நடை.

கிறிஸ்டோவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவே அதற்குச் சாதகம். பிரெக்கன்ரிட்ஜுக்குத் தெற்கே நெடுஞ்சாலை 9-இலிருந்து புளூ லேக்ஸ் அணைக்குப் போகும் சாலை. அணை 3,565 மீட்டரில், குவாண்டரி உச்சி 4,348 மீட்டரில். அணையருகே காரை நிறுத்தி நிமிர்ந்தால் சந்து முழுவதும் அடி முதல் நுனி வரை கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டிலும் இந்த வசதி கிடையாது. ஏறத்தாழ 780 மீட்டர் இறக்கம், பெரும்பகுதி 35° சுற்றி, செங்குத்தான இடம் 40°. சுவர்கள் தாழ்வு, அகலம் தாராளம். விழுந்தால் அடியில் சரிவு தணியும் இடம் இருக்கிறது. பருவக் கடைசியில் நடுவே கற்கள் முளைத்தால் மட்டும் அந்த ஆறுதல் போய்விடும். சாலை வசந்த கால முடிவில்தான் அணை வரை திறக்கும். அதற்கு முன் 3.5 கிலோமீட்டர் நடை.

கிறிஸ்டோ தெற்கு பார்த்தது. தெற்கு என்றால் உடனே உருகும் என்று அஞ்சுகிறார்கள். மே மாதத்தில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் நடப்பது அதற்கு மாறானது: தெற்குச் சரிவுக்கு வெயில் சாய்வாக, தாமதமாக வந்து சேர்கிறது. காலை 8 மணிக்கு டெட் டாக் இளகத் தொடங்கும்போது கிறிஸ்டோ இன்னும் கண்ணாடி. மேற்பரப்பு நொய்யரிசி பதத்துக்கு இளகி ஸ்கீ விளிம்பு கடிக்கத் தொடங்குவது 9 மணி வாக்கில். 10.30-க்கு முன் முடித்துவிட்டால் போதும். அணையிலிருந்து கிளம்பும் நேரம் காலை 5. இதில் செய்யப்படும் தவறு தாமதமல்ல, அவசரம்: 7.30-க்கே உச்சியை அடைந்து, குளிர் தாங்காமல் உடனே இறங்கி, கண்ணாடிப் பனியில் முதல் திருப்பத்திலேயே விளிம்பு நழுவி விழுவது. ஒரு தடித்த ஜாக்கெட்டும் ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவதும் இருந்தால் உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். குவாண்டரியின் மலை ஆடுகள் வேடிக்கை காட்டும். மாற்றுவழியும் மூன்றில் இதற்குத்தான் மிக எளிது: கிழக்கு முகட்டின் வழக்கமான பாதை. ஒரே குறை, அது வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடும். கார் நிற்கும் அணைக்குச் சாலையில் நடந்து வர வேண்டும்.

ஆக, இருவருக்கும் முதல் கூலுவார் என்றால் கிறிஸ்டோ. இரண்டாவதாக டெட் டாக்கா டிராகன் டெய்லா என்பது உங்கள் இருவரின் பலம் எது என்பதைப் பொறுத்தது. நேரம் தவறாமை கைவந்தவர்கள், உயரம் ஒத்துக்கொள்பவர்கள் டெட் டாக்குக்குப் போகலாம். காற்றுப் பனியைப் படிக்கத் தெரிந்தவர்கள், குறுகிய இடத்தில் திரும்பத் தெரிந்தவர்கள் டிராகன் டெய்லுக்கு. திறமையை மதிப்பிட மலைவரை போக வேண்டியதில்லை. டெட் டாக்குக்குப் பக்கத்திலேயே அரப்பஹோ பேசின் ஸ்கீ மையம் இருக்கிறது. அதன் பல்லவிச்சினி இறக்கத்தில், காலையில் பனி கெட்டியாக இருக்கும்போது, இருவரில் தடுமாறுபவர் எந்த இடத்திலும் வேகம் கூடாமல் குதித்துக் குதித்துப் பத்துத் திருப்பங்களைத் தொடர்ச்சியாகப் போடுகிறாரா என்று பாருங்கள். எட்டாவதில் தள்ளாடினால் இந்த ஆண்டு கிறிஸ்டோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் நாள் இரவில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே: வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது? மூன்றுக்கும் பக்கத்தில் பனியையும் வெப்பநிலையையும் அளக்கும் தானியங்கி ஸ்னோடெல் நிலையங்கள் உண்டு: கிறிஸ்டோவுக்கு ஹூசியர் பாஸ், டெட் டாக்குக்கு கிரிஸ்லி பீக், டிராகன் டெய்லுக்கு பேர் லேக். வானம் தெளிவாக இருந்தால் காற்று 1° இருக்கும்போதே பனி வெப்பத்தை வானத்துக்கு விட்டு உறைந்துவிடும். மேகம் மூடினால் 0°-க்குக் கீழே போனாலும் மேல்தோல்தான் உறையும், அடியில் ஈரம் அப்படியே. அன்றைக்கு எண்ணை நம்பாமல் உங்கள் காலடியை நம்புங்கள்: விடிவதற்கு முன்பே பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தால் திரும்பி வந்துவிடலாம். மேற்கே பாலைவனத்திலிருந்து செம்புழுதி வந்து படிந்த ஆண்டுகளில் எல்லா நேரங்களையும் அரை மணி முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். அழுக்குப் பனி வெயிலை அதிகம் உறிஞ்சும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அன்றாட அறிக்கையைக் காலையில் மறுபடி படிக்க வேண்டும். வரைபடச் செயலியில் சரிவுக்குப் பூசிய நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது பரந்த கட்டங்களின் சராசரி. 20 மீட்டர் அகலச் சந்தில் செங்குத்தான துண்டை அது மழுப்பிவிடும்.

சாமான்களில் விவாதத்துக்கு இடமில்லாதவை: ஆளுக்கொரு மூன்று ஆண்டெனா பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), உலோக மண்வாரி, பனிக்குள் குத்தித் தேட 240 சென்டிமீட்டருக்குக் குறையாத ப்ரோப் கம்பி, தலைக்கவசம், கிராம்பான், 50 சென்டிமீட்டர் சுற்றி ஒரு ஐஸ் ஆக்ஸ், செயற்கைக்கோள் தகவல் கருவி இருவருக்கும் சேர்த்து ஒன்று. கைபேசி பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50. கிராம்பான் அலுமினியத்தில் வாங்கலாமா? கிறிஸ்டோவுக்குப் போதும். டெட் டாக்கின் மேல்முனையில் பாறை மிதிக்க நேரும் என்பதால் அங்கே எஃகுதான். இறங்கும்போது ஐஸ் ஆக்ஸைக் கையில் பிடிப்பதா, கைப்பிடியில் பல் வைத்த ஸ்கீ கோலை வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு எங்கள் சாய்வு பின்னதற்கு: கையில் ஏற்கெனவே இருக்கும் பொருள்தான் விழும்போது உதவும். கயிறு இந்த மூன்றில் எதற்கும் கட்டாயமில்லை.

பூட்ஸை ஊசிகளால் ஸ்கீயோடு பிணைக்கும் பின் (pin) பைண்டிங்கின் முன்கட்டையைப் பூட்டிக்கொண்டு இறங்குவது பற்றி இருவரும் முன்பே பேசி முடிவெடுங்கள். பூட்டினால் கடினப் பனியில் ஸ்கீ தவறுதலாகக் கழன்று விழாது. ஆனால் பனிச்சரிவில் சிக்கினால் அதே ஸ்கீ நங்கூரமாகி ஆளை உள்ளே இழுக்கும், கால் முறியும். நன்கு உறைந்த வசந்தப் பனியில் மேல் 100 மீட்டருக்கு மட்டும் பூட்டுவது நியாயம். டிராகன் டெய்லில் புதுக் காற்றுப் பனி இருக்கும் நாளில் பூட்டக் கூடாது. சரியாகச் சொன்னால், அந்த நாளில் அங்கே இருக்கவே கூடாது.

இனி இருவர் என்பதன் கணக்கு. ஒருவர் புதைந்தால் தேடவும் தோண்டவும் இருப்பது ஒரே ஒருவர். முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதன்பின் அது கிடுகிடுவென்று சரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை வார வேண்டும். நால்வர் முறை வைத்து வாருவதை ஒருவர் வார முடியாது. ஆகவே சிக்காமல் இருப்பதுதான் இருவரின் திட்டம்.

ஏறும்போது ஒருவர் நேர் மேலே, ஒருவர் நேர் கீழே வேண்டாம். சுவரை ஒட்டி, சற்று விலகி ஏறுங்கள். 150 காலடிக்கு ஒருமுறை முன்னே போகிறவர் மாறலாம். இறங்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். முதலில் இறங்குபவர்தான் பனியைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம். அப்போது துணை மேலே இருப்பது நல்லது, ஸ்கீயில் விரைந்து வந்து தேடலாம். இரண்டாமவர் இறங்கும்போது நிலைமை தலைகீழ். அவர் விழுந்தாலோ புதைந்தாலோ கீழே இருப்பவர் ஏறிப் போக வேண்டும். 100 மீட்டர் ஏற 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு கட்டமும் 80 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். நிற்குமிடம் சுவரின் புடைப்புக்குப் பின்னாலோ பக்கக் குழிவிலோ இருக்க வேண்டும், நடுக்கோட்டில் ஒருபோதும் கூடாது. பார்வையில் இல்லாத இடத்துக்கு இறங்க வேண்டியிருந்தால் சிறிய வாக்கி டாக்கி. காற்றில் கத்துவது கேட்காது. யார் முதலில்? தடுமாறுபவர் இரண்டாவதாக வரட்டும் என்பது வழக்கம். கடினப் பனியில் அதை மாற்றலாம்: விழ வாய்ப்புள்ளவர் முதலில் இறங்கினால், விழுந்தவரிடம் மற்றவர் மேலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார், கீழே நிற்பவர்மீது மோதும் அபாயமும் இல்லை.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்புவது என்று காரிலேயே பேசிக்கொள்ளுங்கள். சந்தின் நடுவில் நின்று வாதம் செய்தால் வெயில் காத்திருக்காது. மூன்றில் எதிலும் இரவு பனி உறையவில்லை என்று 5 மணிக்கே தெரிந்துவிட்டால், டெட் டாக்கிலிருந்தும் கிறிஸ்டோவிலிருந்தும் அரப்பஹோ பேசினுக்குக் காரில் போய், லிஃப்ட் தொடங்கும் வரை வாகன நிறுத்தத்தில் ஒரு தூக்கம் போடலாம்.